முதலில் மேசை, அப்புறம் பூ

போன இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெய்ட்ஸ்டோனில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறீர்கள். பின்பக்கம் 5 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளத்தில் ஒரு துண்டு நிலம், பாதிக்கு மேல் புல், மூன்று பக்கம் பலகை வேலி, மூலையில் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஷெட். கையில் 400 பவுண்டு, வீட்டில் 4 வயதுக் குழந்தை. காலண்டரில் வருகிற காட்டேஜ் கார்டன் மாதிரி இந்த வசந்தத்திலேயே செய்துவிட முடியுமா, நாற்று வளர்த்துத் தொட்டி மாற்றி நட ஒரு மேசை போட்ட மூலையும் ஆசை, ஆனால் அது இடமும் பணமும் மிஞ்சினால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். திரும்பப் படித்தால் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: முப்பது வருஷம் வளர்ந்தது போலத் தெரிகிற ஒரு தோட்டத்தை மூன்று மாதத்தில் காசு கொடுத்து வாங்க முடியுமா? முடியாது. ஆனால் ஜூலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மனசு நிறைகிற மாதிரி ஒரு பாத்தியைப் பூக்க வைக்க முடியும், அதற்கு 400 பவுண்டு தாராளம். மிஞ்சினால் பார்க்கலாம் என்றீர்களே அந்த மூலை, அதை முதலில் செய்தால்.

நான் சர்ரேயில் ஒரு நர்சரியில் 11 வருஷம் நாற்று மாற்றி நடுகிற கொட்டகையில் நின்றவன். இப்போது 7 வருஷமாக அடுத்தவர் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. எனக்குப் பழகியது தென்கிழக்கு இங்கிலாந்து மட்டும், அதனால் ஸ்காட்லாந்திலோ யார்க்‌ஷயர் மேட்டிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் நான் சொல்லும் தேதிகளை இரண்டு மூன்று வாரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மண்ணையும் நான் பார்க்கவில்லை. மெய்ட்ஸ்டோனுக்கு வடக்கே போனால் நார்த் டவுன்ஸ் சுண்ணாம்பு, தெற்கே இறங்கினால் வீல்ட் களிமண், நடுவில் தெருவுக்குத் தெரு மாறும். ஆகவே மண்ணைப் பற்றி நான் சொல்லுகிற இடங்களில் நீங்களே தோண்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

காட்டேஜ் கார்டன் என்றதும் நம் கண்ணுக்கு வருகிற படம், கூரை வீடு, கதவைச் சுற்றி ரோஜா, இரண்டு பக்கமும் பூ தள்ளிக்கொண்டு நிற்கிற நடைபாதை, இதெல்லாம் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவான படம். ஹெலன் ஆலிங்காம் (1848–1926) என்ற ஓவியர் சர்ரே கிராமத்து வீடுகளை நீர்வண்ணத்தில் வரைந்து வரைந்து அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோனார். அதே காலத்தில் தோட்டங்களைப் பற்றி எழுதிய வில்லியம் ராபின்சனும் கெர்ட்ரூட் ஜெக்கில் அம்மையாரும், பெரிய வீடுகளில் கோடைக்கு மட்டும் கண்ணாடிக் கூடத்துச் செடிகளை அடுக்கி வைத்துப் பிறகு பிடுங்கி எறிகிற வழக்கத்தைக் கண்டித்து, குடியானவன் வாசலில் தானாக நின்று வளர்கிற செடிகளைப் பாருங்கள் என்றார்கள். அந்தக் குடியானவனோ அழகுக்காகத் தோட்டம் போடவில்லை. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மூலிகை, ஒரு பன்றி, முடிந்தால் ஒரு தேன்கூடு, மிச்சம் கிடைத்த இடத்தில் பூ. நம் ஊர்க் கொல்லைதான் அது. எங்கள் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் சேம்பும் வாழையும், கிணற்றடியில் கறிவேப்பிலை, சுவரோரம் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் இருந்தன. யாரும் வரைபடம் போட்டு நடவில்லை. பக்கத்து வீட்டில் குச்சி ஒடித்தோம், அத்தை வீட்டிலிருந்து விதை முடிந்து வந்தது, வேர் பிரித்துக் கொடுத்தோம். இங்கேயும் அப்படித்தான் நடந்தது. காட்டேஜ் கார்டனின் அழகு என்று நாம் பார்க்கிற நெருக்கமும் திரும்பத் திரும்ப வருகிற ஒரே செடியும் அப்படி வீட்டிலேயே பெருக்கியதால் வந்தவை. கார்டன் சென்டரில் பூத்து நிற்பதாகப் பார்த்து ஒவ்வொன்றில் ஒன்று வாங்கி வந்தால் அது வராது. வந்தது ஒரு கண்காட்சி மாதிரி இருக்கும், ஆகஸ்டில் பாதி காணாமல் போயிருக்கும். இதனால்தான் மேசையை முதலில் போடச் சொல்கிறேன்.

(உங்களுக்குப் பக்கத்திலேயே சிசிங்ஹர்ஸ்ட் என்ற பேர்போன தோட்டம் இருக்கிறது. எழுத்தாளர் வீட்டா சாக்வில் வெஸ்டும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930-ல் வாங்கிச் செய்தது, இப்போது பழைய இடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில். அங்கே சவுத் காட்டேஜ் முன்னால் உள்ள சின்னத் தோட்டத்தை மட்டும் போய் நின்று பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அவ்வளவுதான் நிறம். ஆனால் அதைப் பார்த்து ஏங்காதீர்கள், அங்கே சம்பளத்துக்குத் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.)

சரி, மேசை. ஷெட்டுக்குள் போடலாமா என்றால், ஜன்னல் இருந்தால் போடலாம், ஆனால் அங்கே மண் நிரப்பவும் தொட்டி மாற்றவும் மட்டும்தான் முடியும், நாற்று வளராது. இருட்டில் முளைத்த நாற்று வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். என்னைக் கேட்டால் ஷெட்டின் வெளிச்சுவரை ஒட்டி, மேலே மேசையை மூடும் அளவுக்கு நீட்டி ஒரு தகடோ பாலிகார்பனேட்டோ மழைக்குப் போட்டு, அதன் கீழே மேசை. ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரமாவது நேர் வெயில் படுகிற பக்கம் என்றால் நல்லது, நடுப்பகல் முழுக்கச் சுடுகிற பக்கம் வேண்டாம், ஜூலையில் சின்னத் தொட்டிகள் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதைவிட முக்கியம், சமையலறைக் கதவிலிருந்து பத்து எட்டுக்குள் போய்விடும்படி, செருப்பு நனையாமல் போகும்படி ஒரு கல் பாதை. தூரமாக இருக்கிற மேசையில் மார்ச் மாதக் குளிரில் யாரும் நிற்கப்போவதில்லை, நான் உட்பட.

உயரத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். சாப்பாட்டு மேசை உயரம் 75 சென்டிமீட்டர், அதில் குனிந்து ஒரு மணி நேரம் நாற்று மாற்றிப் பாருங்கள், மறுநாள் இடுப்பு சொல்லும். நின்றுகொண்டு முழங்கையை மடக்கினால் அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே பலகை இருக்க வேண்டும், பெரும்பாலோருக்கு 85 முதல் 95 வரும். ஆழம் 55 போதும், நீளம் 120 இருந்தால் ராஜ வாழ்க்கை. பின்பக்கமும் இரண்டு ஓரமும் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்துவிடுங்கள், மண் சிந்தாமல் குவித்து வைக்க அதுதான். சரக்கு அடுக்குகிற பழைய பேலட் மரத்தில் செய்யலாம், ஆனால் அதில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள். HT என்று இருந்தால் சூடுகாட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். MB என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது, தொடாதீர்கள். மேசைக்கு அடியில் மூடி போட்ட இரண்டு வாளி, ஒன்றில் கம்போஸ்ட், அதாவது தொட்டிக்கு என்று மூட்டையில் விற்கிற கலவை, ஒன்றில் கூர்மணல். மேலே ஆணியில் கைக்கரண்டி, கத்திரி, நூல்கண்டு, பெயர் எழுத பென்சில். பேனா வேண்டாம், மழையில் அழியும், பென்சில் அழியாது. ஷெட் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு 200 லிட்டர் பீப்பாய், நல்ல பூவாளி ஒன்று, பூவாளியின் முகம் மெல்லிய துளையுள்ளதாக. இதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஷெட்டையே மாற்றுகிற எண்ணம் வந்தால், எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கிற கொட்டகை 2.5 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் இங்கிலாந்தில் அனுமதி கேட்க வேண்டிவரும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்போஸ்ட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் வருஷத் தோல்விகளில் பாதி இங்கேதான். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பீட், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கிற மக்கு, கலக்காதது. மரநார், மக்கிய பட்டை, தென்னை நார்க்கழிவு இவற்றின் கலவை. அந்த நார்க்கழிவு பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பல் ஏறி வருகிறது, மூட்டையைப் பிரித்ததும் வருகிற வாசனையில் எனக்கு ஒரு நிமிஷம் ஊர் ஞாபகம் வந்துவிடும், அது வேறு கதை. இதில் என்ன சிக்கல் என்றால் மேலே காய்ந்து தூள் மாதிரி இருக்கும், அடியில் சொதசொதவென்று ஈரம் இருக்கும். பார்த்து ஏமாந்து தண்ணீர் ஊற்றி ஊற்றி வேர் அழுகவிட்டவர்கள் நிறைய. கண்ணால் பார்க்காதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லிவிடும். சத்தும் சீக்கிரம் தீர்ந்துவிடும், நாலைந்து வாரத்தில் திரவ உரம் ஆரம்பிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் தொட்டியிலேயே இருக்கப்போகிற செடிக்கு ஜான் இன்னஸ் என்று போட்ட மூட்டை வாங்குங்கள். அது ஒரு கம்பெனிப் பெயர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தெற்கு லண்டனில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் 1930-களில் கண்டுபிடித்த கலவை முறை அது, டூட்டிங் விம்பிள்டன் பக்கம் இருக்கிறவர்களுக்கு மெர்ட்டன் தெரிந்த இடம்தான். 1, 2, 3 என்ற எண் உரத்தின் அளவைச் சொல்கிறது. சின்ன நாற்றுக்கு 1, பெரிய ரோஜாத் தொட்டிக்கு 3. பழைய முறையில் பீட் சேர்ப்பார்கள், இப்போது பீட் இல்லாததும் வருகிறது, மூட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள்.

மூட்டையைக் குனிந்து முகத்துக்கு நேரே பிரிக்காதீர்கள். கம்போஸ்ட் தூசியில் லெஜியோனெல்லா வகைக் கிருமி ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு, அபூர்வம்தான், ஆனால் வந்தால் கடுமையான நிமோனியா. ஷெட் கதவைத் திறந்து வைத்து, தூசி பறந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், குழந்தைக்கும் கழுவிவிடுங்கள். அப்புறம் தொட்டி அடியில் ஓட்டாஞ்சில்லு நிரப்புகிற பழக்கம். நம் அம்மாக்களும் செய்தார்கள், இங்கே பாட்டிமார்களும் செய்வார்கள். துளை வழியாக மண் ஒழுகாமல் ஒரே ஒரு சில்லு போடலாம். அடுக்கு அடுக்காகப் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தப்பு, கரடான அடுக்குக்கு மேலேயே ஈரம் தேங்கும், வேருக்கு இடம் குறைவதுதான் மிச்சம்.

இனி நிலம். இந்த வருஷம் ஒரே ஒரு பாத்தி. வெயில் படுகிற வேலியை ஒட்டி 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். மிச்சப் புல்லை அப்படியே விடுங்கள், குழந்தை ஓடட்டும். போன இலையுதிர் காலத்தில்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் வசந்தத்தில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, பழைய வீட்டுக்காரர் வைத்த கிழங்குகள் இப்போதுதான் தலை நீட்டும். பார்த்தபடியே இருங்கள், முளைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பெருங்கவலை ஒன்றுதான், வெள்ளையாக நூடுல்ஸ் மாதிரி வேர் மண்ணெல்லாம் ஓடினால் அது பைண்ட்வீட் என்ற கொடிக்களை, துண்டு விட்டால் துண்டுக்கு ஒரு செடி வரும், அப்படிப்பட்ட இடத்தில் இந்த வருஷம் பல்லாண்டுச் செடி எதுவும் நடாமல் பூ விதை மட்டும் தூவி, பைண்ட்வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துக்கொண்டே இருங்கள்.

ஈர மண்ணை ஒரு பிடி எடுத்துப் பாம்பு மாதிரி உருட்டிப் பாருங்கள். வளைத்தாலும் உடையாமல் வளையம் போட வந்தால் களிமண். களிமண்ணுக்கு மணல் கொட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள், கொஞ்ச மணல் போட்டால் செங்கல் சூளைக் கலவைதான் கிடைக்கும். மக்கிய தொழுவுரமோ தோட்டக் குப்பையை மக்கவைத்த கம்போஸ்டோ ஒரு சாணில் கால்வாசி கனத்துக்கு மேலே பரப்பி மூடாக்காக விடுங்கள், மண்புழு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரமாக ஒட்டும்போது பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். பாத்தியின் பின்பக்கம், வேலியை ஒட்டி, கால் வைக்க ஒரு முழ அகலம் விட்டுவைத்தால் பிறகு கட்டவும் வெட்டவும் உங்களுக்கே உதவும்.

ரோஜா வேண்டுமென்றால் இந்த வாரமே நர்சரியில் சொல்லிவிடுங்கள். மண் இல்லாமல் வெறும் வேராக விற்கிற ரோஜா நவம்பர் முதல் மார்ச் வரைதான், தொட்டியில் விற்பதைவிட மலிவு, வேர் பிடிப்பதும் நன்றாக இருக்கும். ஒரே ஒன்று, வேலியில் ஏற்றிவிட. டேவிட் ஆஸ்டின் 1986-ல் வெளியிட்ட கெர்ட்ரூட் ஜெக்கில் ரோஜாவையே நான் சொல்வேன், இளஞ்சிவப்பு, வாசனை அப்படியே பன்னீர். மேலே சொன்ன அம்மையாரின் பெயர்தான். வந்ததும் இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, ஒட்டுக் கட்டிய கணு மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே போகும்படி நட்டு, ஒரு வாளித் தண்ணீர். வேருக்குத் தூவுகிற பூஞ்சைப் பொடியை விற்பார்கள், அதைப் போட்ட ரோஜாவுக்கும் போடாததற்கும் என் அனுபவத்தில் வித்தியாசம் தெரிந்ததில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு மூட்டை தொழுவுரம் வாங்குங்கள்.

மார்ச் முதல் வாரத்திலேயே மேசையில் செய்யக்கூடிய வேலை ஸ்வீட் பீ, பட்டாணி ஜாதியில் ஒரு வாசனைப் பூக்கொடி. இந்தப் பூவுக்கு ஒரு லண்டன் சம்பந்தம் உண்டு. சிசிலியில் இருந்த குப்பானி என்ற துறவி 1699-ல் என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யூவ்டேல் என்ற பள்ளி ஆசிரியருக்கு விதை அனுப்பி வைத்தார், இங்கிலாந்துக்கு அது வந்தது அப்படித்தான். குப்பானி என்ற பெயரிலேயே இன்றும் விதை கிடைக்கிறது, பூ சின்னது, ஊதாவும் கருஞ்சிவப்பும், வாசனையோ தெருக்கோடி வரை. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாயில் மண் நிரப்பி இரண்டு விதை, எலி பார்க்காத இடத்தில் வையுங்கள், அது பட்டாணிபோல நினைத்துத் தின்றுவிடும். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கத்தில் கிளைக்கும். லேசான பனியைத் தாங்கும் என்பதால் ஏப்ரலில் வெளியே நட்டுக் குச்சிப் பந்தல் கட்டலாம். பூக்க ஆரம்பித்ததும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருங்கள், காய் விட்டால் பூப்பதை நிறுத்திவிடும்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் நேரடியாகப் பாத்தியிலேயே விதைப்பவை நிகெல்லா, கலெண்டுலா, கார்ன்ஃப்ளவர், கலிஃபோர்னியா பாப்பி. எப்போது என்பதற்குக் காலண்டர் வேண்டாம், வெறும் மண்ணில் களை முளைக்க ஆரம்பித்தால் விதையும் முளைக்கும் என்று அர்த்தம். இறைத்துத் தூவாமல் குச்சியால் கோடு கிழித்து வரிசையாகப் போடுங்கள், வரிசையில் வருவது பூ, மற்றதெல்லாம் களை என்று புதியவருக்கும் தெரியும். பூத்தபிறகு வரிசை கண்ணுக்கே படாது. ஒரு சாண் இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும், இதற்கு மனசு வராது, எனக்கும் முதலில் வரவில்லை, ஆனால் நெருக்கமாக விட்டால் எல்லாமே குச்சி குச்சியாகத்தான் நிற்கும். இவை ஜூன் கடைசியிலிருந்து பூக்கும். உங்கள் முதல் கோடையைக் காப்பாற்றப்போவது இந்த விதைகள்தான், மொத்தமாகப் பத்து பதினைந்து பவுண்டுக்கு மேல் ஆகாது.

காஸ்மோஸ் போன்றவற்றை ஏப்ரலில் உள்ளே ஜன்னலோரம் விதைத்து, மே கடைசியில் வெளியே விடுங்கள். இதில் நான் பட்ட அடி ஒன்று. நர்சரியில் சேர்ந்த இரண்டாவது வசந்தம், மே மாதம் முதல் வாரம், சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற அளவு வெயில். வீட்டில் நான் வளர்த்த நாற்பது காஸ்மோஸ் நாற்றையும் ஒரே நாளில் வெளியே நட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது, அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. காலையில் எல்லாம் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி கருத்துச் சாய்ந்து கிடந்தது. மேகம் இல்லாத, காற்று இல்லாத மே இரவை நம்பாதீர்கள். தென்கிழக்கில் மே நடுவரை உறைபனி விழலாம். நாற்றுகளைப் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிட்டுத்தான் நட வேண்டும்.

பல்லாண்டுச் செடிகளை 9 சென்டிமீட்டர் தொட்டியில் வாங்குங்கள், பூத்து நிற்கும் பெரிய தொட்டி வேண்டாம். ஒரு கோடை போனால் இரண்டும் ஒரே அளவுதான், விலை மூன்றில் ஒன்று. வகைகள் ஐந்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு. என் பட்டியல்: கேட்மின்ட், ஆல்கெமில்லா, அஸ்ட்ரான்ஷியா, அக்விலீஜியா, அப்புறம் ரோஸான் என்ற ஜெரேனியம். ரோஸானை 2013-ல் செல்சீ மலர்க் கண்காட்சியில் நூற்றாண்டின் செடி என்று தேர்ந்தெடுத்தார்கள், அந்தப் பட்டங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்றாலும் இந்தச் செடி ஜூனிலிருந்து அக்டோபர் வரை நீலமாகப் பூத்துக்கொண்டே இருப்பது உண்மை. ஆல்கெமில்லாவும் அக்விலீஜியாவும் தானே விதை சிந்திப் பாதைக் கல் இடுக்கிலெல்லாம் முளைக்கும், பாதியைப் பிடுங்குங்கள், பாதியை விடுங்கள், யாரும் நடாதது போலத் தெரிகிற அந்தத் தோற்றம் அப்போதுதான் வரும். டெல்ஃபினியமும் லூபினும் படத்தில் அழகு, முதல் வருஷத்தில் நத்தைக்கு விருந்து.

நத்தை என்று வந்ததால், உங்கள் ஷெட்டில் நீல உருண்டைகள் உள்ள பழைய டப்பா இருக்கிறதா பாருங்கள். மெட்டால்டிஹைடு என்று எழுதியிருந்தால் 2022 வசந்தத்திலிருந்து இங்கே அதை வெளியில் பயன்படுத்தத் தடை, கவுன்சிலின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள், குழந்தை கைக்குப் போகக் கூடாது. முட்டை ஓடு, செப்பு நாடா, கூர்மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை இவற்றை எல்லாரும் சொல்வார்கள். ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி லெட்டூஸ் செடிகளை வைத்துச் சோதித்து 2018-ல் வெளியிட்ட முடிவில் இவை எதுவுமே பலன் தரவில்லை. என் கை சொல்வது: இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சும் வாளியும் எடுத்துப்போய்ப் பொறுக்குவது பலன் தரும். மண் 5 டிகிரிக்கு மேல் சூடானபின் நெமட்டோடு என்ற, நத்தையைக் கொல்கிற நுண்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் பலன் தரும், ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப ஊற்ற வேண்டும், காசு. பீர் வைத்த கிண்ணத்தில் நத்தை விழத்தான் விழுகிறது, அதனால் செடி பிழைத்ததா என்று கேட்டால் சந்தேகம்தான். எல்லாவற்றையும்விட, நாற்றை மேசையிலேயே வைத்துக் கை அகலம் வளர்த்த பிறகு பாத்திக்கு அனுப்புங்கள். கொழுந்தை நத்தை ஒரே இரவில் முடித்துவிடும், முற்றிய செடியை மென்றுவிட்டுப் போய்விடும், செடி பிழைத்துக்கொள்ளும்.

குழந்தை விஷயம். ஃபாக்ஸ்குளோவ் செடி முழுக்க விஷம், 1785-ல் வில்லியம் விதரிங் எழுதியதிலிருந்து இதய மருந்தாகத் தெரிந்த செடி அது, மருந்தாகிற அளவுக்கு வீரியம் என்றால் விஷமாகவும் ஆகும். நான் என் தோட்டத்தில் வைத்திருக்கிறேன், 4 வயதுக் குழந்தை இருந்தால் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போடுவேன். மங்க்ஸ்ஹுட் எந்த வயதிலும் வேண்டாம். ஸ்வீட் பீ காய் பட்டாணி மாதிரியே இருக்கும், தின்னக் கூடாது, அதனால் காய் விடாமல் பறித்துக்கொண்டே இருக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். குழந்தைக்கென்று மேசையின் ஒரு ஓரத்தில் ஒரு தொட்டி கொடுத்துக் கலெண்டுலா விதைக்கச் சொல்லுங்கள், விதை பெரியது, பிஞ்சு விரலுக்குப் பிடிபடும், ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும்.

நம் செடிகளுக்கும் இதில் இடம் உண்டு. சமையலறை டப்பாவில் இருக்கிற கொத்தமல்லி விதையை லேசாக நசுக்கிப் பாத்தியின் இடைவெளியில் ஏப்ரலில் போடுங்கள். இலை கொஞ்சம் பறித்துவிட்டுப் பூக்க விடுங்கள், வெள்ளைக் குடை மாதிரி பூக்கும், அசுவினியைத் தின்கிற பூச்சிகள் தேடி வரும், எந்த இங்கிலீஷ்காரரும் அதைக் காட்டேஜ் கார்டன் பூ இல்லை என்று சொல்லமாட்டார். வெந்தயத்தையும் இப்படி இடைவெளியில் போடலாம். மிளகாயை மேசைக்கு மேல் தகட்டின் கீழே தொட்டியில் வைக்கலாம், ஜூனுக்கு அப்புறம். கறிவேப்பிலையைக் கோடையில் மட்டும் மேசைக்குக் கொண்டுவந்து, செப்டம்பரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்த்தால் பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அதை நான் கொன்றது அப்படித்தான், இரண்டு முறை.

பணம்: மேசை, கல், பீப்பாய் எல்லாம் சேர்த்து 110, பழையதாகத் தேடினால் இன்னும் குறையும். கம்போஸ்டும் தொழுவுரமும் 70. ரோஜா 25. விதை 20. சின்னத் தொட்டிச் செடிகள் 80. மிச்சம் 95-ஐத் தொடாமல் வையுங்கள், செப்டம்பரில் கடைகள் பல்லாண்டுச் செடிகளை விலை குறைத்துத் தள்ளும், மண்ணும் சூடாக இருக்கும், நடுவதற்கு வசந்தத்தைவிட அதுதான் நல்ல காலம். இந்த வாரக் கடைசியில் ரோஜாவுக்குச் சொல்லிவிட்டு, மேசைக்கு மரம் தேடுங்கள், ஸ்வீட் பீ விதைக்கு அட்டைக் குழாய் சேருங்கள். அப்புறம் ஜூனில், எல்லாம் பூக்க ஆரம்பித்து இனி வேலை இல்லை என்று தோன்றுகிற சமயத்தில், அதே மேசையில் ஒரு தட்டு ஸ்வீட் வில்லியம் விதைத்துவிடுங்கள். அது இந்த வருஷம் பூக்காது, அடுத்த வருஷம் மே கடைசியில் பூக்கும்.